ஜாஸ் கதை – 14: மெட்டுக்குப் பட்டா, கார்டுகள் புறம்போக்கு

சென்ற இதழை லெஸ்டர் யங்கின் சாக்ஸபோனோடு முடித்திருந்தோம். 1939 செப்டம்பரில் கவுண்ட் பேஸியின் ஏழு பேர் குழுவோடு அவர் பதிவுசெய்த ‘லெஸ்டர் லீப்ஸ் இன்’ இசைத்தட்டைத் தேடிக் கேட்டவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். இதை வேறெங்கோ கேட்டிருக்கிறோமே? கேட்டுத்தான் இருப்பீர்கள். மெட்டு யங்குடையது. மெட்டுக்கு அடியில் ஓடும் கார்டுகள் ஜார்ஜ் கெர்ஷ்வினுடையவை. அடுத்த ஆண்டு மே மாதம் டியூக் எலிங்டன் ‘காட்டன் டெய்ல்’ பதிவுசெய்தார். பென் வெப்ஸ்டர் பேர் வாங்கிய சாக்ஸபோன் தனி அதில்தான் இருக்கிறது. அதற்கு அடியிலும் இதே கார்டுகள். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1932லேயே, சிட்னி பெஷே ‘ஷாக்’ என்று ஒன்று வாசித்துவிட்டார். அதிலும் இதே.

ஒரே பாட்டின் எலும்புக்கூட்டின் மேல் இத்தனை பேர் இத்தனை பாட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த முதல் பாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் முறை.

1930 அக்டோபர் 14. நியூயார்க் ஆல்வின் தியேட்டரில் ‘கேர்ள் கிரேஸி’ இசை நாடகத்தின் முதல் நாள். இசை ஜார்ஜ் கெர்ஷ்வின், பாட்டு அண்ணன் ஐரா. அன்று வாத்தியக் குழுவை ஜார்ஜே நின்று நடத்தினார். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது ரெட் நிக்கல்ஸின் குழு. அதில் பென்னி குட்மன், கிளென் மில்லர், ஜீன் க்ரூப்பா எல்லாரும் இருந்தார்கள். பத்து வருடத்துக்குள் ஆளுக்கொரு பெரிய பேண்டு நடத்தப்போகிறவர்கள். மேடையில் எத்தல் மெர்மன். வயது 22. ஸ்டெனோகிராபர் வேலை பார்த்துவந்த பெண்ணுக்கு அதுதான் முதல் பிராட்வே நாடகம். ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் இரண்டாம் சுற்றில் உச்சத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பதினாறு பார் விடாமல் நின்றார். மறுநாளிலிருந்து அவர் நட்சத்திரம். பாட்டு என்னவோ 1928ல் வேறொரு நாடகத்துக்காக, மெதுவான நடையில் போட்டுவைத்ததுதான். நடையைத் துரிதமாக்கிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது.

மெர்மனை மறந்துவிடலாம். நமக்கு வேண்டியது மேடைக்குக் கீழே ஓடியது.

கார்டு என்றால் மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது என்று இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். ஜாஸ்காரர்கள் இந்தப் பாட்டைப் பெரும்பாலும் பி பிளாட்டில் வாசிப்பார்கள். அந்த பி பிளாட்டை ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். எந்த ஸ்வரத்தின் மேல் கார்டு எழும்புகிறதோ அந்த ஸ்வரத்தின் பெயரையே கார்டுக்கும் வைத்துவிடுகிறேன். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு இதுதான் சுலபம்.

பாட்டின் முதல் பகுதி எட்டு பார். அதையே இன்னொரு முறை. பிறகு ‘பிரிட்ஜ்’ என்ற வேறு எட்டு பார். கடைசியில் முதல் பகுதி மீண்டும். மொத்தம் 32. கெர்ஷ்வின் கடைசியில் இரண்டு பார் வால் சேர்த்து 34 ஆக்கியிருந்தார். ஜாஸ்காரர்கள் முதல் வேலையாக அந்த வாலை வெட்டினார்கள். சுற்றிச் சுற்றி வாசிப்பவனுக்கு வால் இடைஞ்சல்.

முதல் பகுதியின் முதல் இரண்டு பாரில் நான்கு கார்டுகள்: ச, த, ரி, ப. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பீட். அடுத்த இரண்டு பாரிலும் அதேதான். பிறகு ‘ம’ பக்கம் ஒரு நடை போய்விட்டுத் திரும்பி, கடைசி இரண்டு பாரில் வீடு சேரும். பிரிட்ஜ் இதைவிட எளிது. க, த, ரி, ப. ஒவ்வொன்றும் இரண்டு முழு பார் நிற்கும். இந்த வரிசையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அந்தர காந்தாரம் எதற்குப் பஞ்சமம்? தைவதத்துக்கு. தைவதம் ரிஷபத்துக்கு. ரிஷபம் பஞ்சமத்துக்கு. பஞ்சமம் சட்ஜத்துக்கு. ஒவ்வொரு கார்டும் அடுத்ததற்குப் பஞ்சமமாக நின்று அதைக் கைகாட்டிவிடுகிறது. ‘க’வில் ஏறி உட்கார்ந்தால் போதும், வழி கேட்காமல் ‘ச’வில் வந்து இறங்கலாம். இந்த பிரிட்ஜுக்கு அமெரிக்க வாத்தியக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சியர்ஸ் ரோபக் பிரிட்ஜ்’. சியர்ஸ் ரோபக் என்பது தபாலில் ஆர்டர் கொடுத்தால் சட்டையிலிருந்து வீடு வரை அனுப்பிவைத்த கம்பெனி. பாட்டு எழுதும்போது பிரிட்ஜ் தோன்றவில்லையா, கேட்டலாகைப் பார்த்து இதை வரவழைத்துக்கொள் என்று கிண்டல்.

இந்த ச, த, ரி, ப வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் ‘டர்ன்அரவுண்ட்’. பாட்டின் கடைசி இரண்டு பாரில் மெட்டு ‘ச’வில் வந்து நின்றுவிடும். கார்டும் அங்கேயே நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்று தோன்றும். நடன அரங்கில் அப்படித் தோன்றக்கூடாது. ஆடுகிறவர்கள் ஆடிக்கொண்டிருக்க, அடுத்த சுற்று தொடங்க வேண்டும். அதனால் மெட்டு ஓய்ந்த அந்த இரண்டு பாரில் பியானோவும் பேஸும் ச, த, ரி, ப என்று ஒரு சிறு வட்டம் அடிக்கின்றன. ‘ப’வில் நிறுத்தினால் காது ‘ச’வைக் கேட்கும், ‘ச’ வந்தால் அது அடுத்த சுற்றின் முதல் பார். பேருந்து நிலையத்தில் நிற்காமல் திரும்பிவிடுகிறது. என் கணிப்பில் ஜாஸின் சரித்திரத்தில் பாதி, யாரும் கவனிக்காத இந்த இரண்டு பாரில்தான் நடந்திருக்கிறது.

இந்த வரிசைகளைக் கெர்ஷ்வின் கண்டுபிடிக்கவில்லை. பஞ்சமம் பஞ்சமமாக இறங்கும் கார்டுகள் ராக்டைம் காலத்துச் சரக்கு. 1925ல் வந்த ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ முழுக்க முழுக்க அதில்தான் ஓடுகிறது. மெட்டாவது முழுக்க அவருடையதா என்பதிலும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. வில்லியம் கிராண்ட் ஸ்டில் என்ற கறுப்பின இசையமைப்பாளர் 1921ல் ‘ஷஃபிள் அலாங்’ நாடகத்தில் ஓபோ வாசித்தார். அங்கே தான் பொழுதுபோக்காக வாசித்துவந்த ஒரு சிறு பிடி, நாடகம் பார்க்க வந்துபோன கெர்ஷ்வினின் காதில் தங்கியிருக்கலாம் என்பது அவர் தரப்புச் சொல். ஸ்டில் 1930ல் எழுதிய ‘ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி’யின் மூன்றாம் பகுதியில் அந்த நான்கு ஸ்வரங்கள் பளிச்சென்று கேட்கும். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று இனி தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டின் பதிவுப் பத்திரத்தில் இருப்பது கெர்ஷ்வின் சகோதரர்களின் பெயர்.

அந்தப் பத்திரம்தான் இங்கே முக்கியம். 1909ம் வருடத்து அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டை இசைத்தட்டில் பதிவுசெய்தால் விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டின் உரிமையாளருக்கு இரண்டு சென்ட் கட்ட வேண்டும். உரிமை எதற்கு? மெட்டுக்கும் வரிகளுக்கும். கார்டுகளின் வரிசையை யாரும் தனிச் சொத்தாகக் கருதவில்லை. நம்மூர்க் கணக்கில் சொன்னால் மெட்டுக்குப் பட்டா உண்டு, கார்டுகள் புறம்போக்கு. கெர்ஷ்வினின் மெட்டை எடுத்துவிட்டு அதே கார்டுகளின் மேல் நீங்கள் ஒரு புது மெட்டைக் கட்டினால், அது உங்கள் பாட்டு. புதுப் பெயர் வைத்துப் பதிவுசெய்துகொள்ளலாம். சிறு இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு இது இனித்தது. இரண்டு சென்ட் மிச்சம்.

பணக்கணக்கு மட்டும்தான் காரணம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பணக்கணக்கு கம்பெனியுடையது. வாத்தியக்காரனின் கணக்கு வேறு. முன்பின் அறியாத ஐந்து பேர் ஓர் இரவு ஒரு மேடையில் சந்திக்கிறார்கள். ஒத்திகை இல்லை, நோட்டுத்தாள் இல்லை. ஒருவர் “ரிதம் சேஞ்சஸ், பி பிளாட்” என்று சொல்லிவிட்டுக் காலால் தாளம் போட்டால் போதும், ஐந்து பேருக்கும் அடுத்த அரைமணி நேரத்துக்கான பாதை தெரிந்துவிடும். பாட்டின் பெயரில் இருந்த ‘ஐ காட்’ உதிர்ந்துபோய், ‘ரிதம்’ மட்டும் கார்டுகளின் பெயராக நிலைத்துவிட்டது.

அப்படி நடந்த மேடைகளில் பேர்பெற்றது ஹார்லெம் 118வது தெருவில், செசில் ஹோட்டலில் இருந்த மிண்டன்ஸ் பிளேஹவுஸ். 1938ல் அதைத் தொடங்கிய ஹென்றி மிண்டன், வாத்தியக்காரர் சங்கத்தின் 802வது கிளையில் பிரதிநிதியாக இருந்த முதல் கறுப்பினத்தவர். சங்கத்துக்கு ஜாம் செஷன் என்றால் ஆகாது. கூலியில்லாமல் வாசிக்கிறவர்களுக்கு அபராதம் போடுவார்கள். மிண்டன்ஸில் அந்தத் தொல்லை குறைவு. 1940ல் டெடி ஹில் நிர்வாகத்துக்கு வந்தார். அவரே பேண்டு நடத்திக் கலைத்தவர், ஆட்களைத் தெரியும். பியானோவுக்குத் தெலோனியஸ் மங்க், டிரம்ஸுக்குக் கென்னி கிளார்க். திங்கட்கிழமை இரவு வேறு மேடைகளில் வேலை இல்லாத கலைஞர்களுக்கு அங்கே சாப்பாடு. டிஸ்ஸி கில்லெஸ்பி வருவார். கித்தாரோடு சார்லி கிறிஸ்டியன் வருவார். ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் தட்டில் வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து 1941ல் பதிவுசெய்தது நம் அதிர்ஷ்டம். 1942 மார்ச்சில் கிறிஸ்டியன் காசநோயில் இறந்தபோது அவருக்கு 25 வயதுதான்.

மிண்டன்ஸைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று: தெரியாதவர்கள் மேடையேறி மானத்தை வாங்குவதைத் தடுக்க, மங்கும் கில்லெஸ்பியும் வேண்டுமென்றே கார்டுகளை மாற்றி வைத்தார்கள், வந்தவர்கள் வழிதவறி இறங்கிப்போனார்கள். சொன்னவர்கள் அங்கே வாசித்தவர்களே என்பதால் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் எனக்கு இதைவிட எளிய காரணம் ஒன்று தெரிகிறது. சலிப்பு. நிமிடத்துக்கு 240 பீட் வேகத்தில் 32 பார் ஒரு சுற்று 32 விநாடி. ஒரு சுற்றில் ச, த, ரி, ப எட்டு ஒன்பது முறை வரும். இருபது நிமிடம் வாசித்தால் ஏறக்குறைய முந்நூறு முறை. வாரத்துக்கு ஆறு இரவு. மங்க் மாதிரி ஒரு மூளை பியானோவின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது முந்நூறு முறையும் ஒரே மாதிரி வாசிக்குமா?

அவர்கள் செய்த மாற்றங்களில் அழகானது எது என்று கேட்டால் நான் கைகாட்டுவது இதைத்தான். கொஞ்சம் பொறுமையாகத் தொடர்ந்து வாருங்கள். ‘ப’ கார்டில் நான்கு ஸ்வரங்கள் உண்டு: பஞ்சமம், காகலி நிஷாதம், சதுச்ருதி ரிஷபம், சுத்த மத்யமம். இதில் காதை ‘ச’வை நோக்கித் தள்ளுகிறவை இரண்டே இரண்டு. காகலி நிஷாதம் அரைப்படி ஏறிச் சட்ஜத்தில் உட்காரத் துடிக்கும். மத்யமம் அரைப்படி இறங்கிக் காந்தாரத்தில் உட்காரத் துடிக்கும். மற்ற இரண்டும் கூட்டத்துக்கு வந்தவை. இப்போது சுத்த ரிஷபத்தின் மேல் அதே அளவில் ஒரு கார்டு கட்டுங்கள். சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். மத்யமமும் நிஷாதமும் அப்படியே இருக்கின்றன. தள்ளுகிறவர்கள் அதே ஆட்கள். அடியில் நிற்கிறவர் மட்டும் மாறிவிட்டார். ஆகவே ‘ப’ வர வேண்டிய இடத்தில் சுத்த ரிஷபக் கார்டைப் போட்டாலும் வண்டி ‘ச’வுக்கே வந்து சேரும், இந்த முறை அரைப்படி மேலிருந்து சறுக்கிக்கொண்டு.

இதையே ‘த’ கார்டுக்கும் செய்யலாம். அதற்குப் பதில் சாதாரண காந்தாரம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ச, த, ரி, ப என்று தாவிக்கொண்டிருந்த டர்ன்அரவுண்டில் பேஸின் வழி இப்படி ஆகிவிடுகிறது: ச, சாதாரண க, சதுச்ருதி ரி, சுத்த ரி, மறுபடி ச. அரை அரைப்படியாக இறங்கும் படிக்கட்டு. பிரிட்ஜிலும் இதே வேலையைக் காட்டலாம். இதற்கு டிரைட்டோன் சப்ஸ்டிட்யூஷன் என்று பெயர். ஆர்ட் டேட்டம் போன்றவர்கள் 1930களிலேயே பியானோவில் தனியாக இதைச் செய்துபார்த்தவர்கள். அதைக் கூட்டாக, வேகமாக, ஒருவர் மாற்றினால் மற்றவர் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும்படி செய்தது மிண்டன்ஸ் தலைமுறை.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் 1945 ஜூனில் நியூயார்க் டவுன் ஹாலில் டான் பயஸும் ஸ்லாம் ஸ்டூவர்ட்டும் வாசித்த ‘ஐ காட் ரிதம்’ பதிவைத் தேடுங்கள். ஒரு சாக்ஸபோன், ஒரு பேஸ், அவ்வளவுதான். பியானோவும் இல்லை, டிரம்ஸும் இல்லை. கார்டு வாசிக்க ஆளே இல்லாத இடத்தில் பயஸ் தன் ஒற்றைச் சாக்ஸபோனாலேயே மாற்றுக் கார்டுகளைக் காதுக்குக் காட்டிவிடுகிறார்.

மிண்டன்ஸ் நாட்களின் முதிர்ச்சி இசைத்தட்டில் அதிகம் பதிவாகவில்லை. 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் பதிவு வேலைநிறுத்தம் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் கடைசியாக வழிக்கு வந்தது 1944 நவம்பரில்தான். அதற்குள் மிண்டன்ஸ் தலைமுறையின் இந்தப் புதுப் பாணி, பீபாப், வளர்ந்து ஆளாகிவிட்டது. அதனால் இசைத்தட்டு வாங்கிக் கேட்கிற ஜனங்களுக்கு அது வானத்திலிருந்து குதித்ததுபோல் இருந்தது.

1945 நவம்பர் 26. சவாய் கம்பெனிக்காக சார்லி பார்க்கர் முதன்முறையாகத் தன் பெயரில் பதிவுசெய்யும் நாள். மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், வயது 19. மேக்ஸ் ரோச் டிரம்ஸ். வரவேண்டிய பியானோக்காரர் பட் பவல் வரவில்லை. கில்லெஸ்பி டிரம்பெட்டும் பியானோவுமாக மாறி மாறிச் சமாளித்தார். அன்றைக்குப் பதிவான ‘த்ரைவிங் ஆன் எ ரிஃப்’ நம் ரிதம் சேஞ்சஸ்தான். பிற்பாடு ‘ஆந்த்ரோபாலஜி’ என்று பேர் பெற்றது. ‘மியாண்டரிங்’ என்று ஒன்று: அதன் கார்டுகள் ‘எம்ப்ரேசபிள் யூ’ பாட்டிலிருந்து வந்தவை. அந்தப் பாட்டு எதிலிருந்து? அதே ‘கேர்ள் கிரேஸி’யிலிருந்து. பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாடகத்தின் இரண்டு பாட்டுகள் ஒரே நாளில் உருமாறிவிட்டன. கெர்ஷ்வின் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1937ல் மூளைக் கட்டியால் 38 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைய பெரிய விருந்து ‘கோ-கோ’. ரே நோபிளின் ‘செரோகி’ பாட்டின் கார்டுகள் மேல் அமைந்தது. 64 பார் நீளம். அதன் பிரிட்ஜ் சியர்ஸ் ரோபக் சரக்கு அல்ல. ஸ்ருதி ஒவ்வொரு முழுப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும், கத்துக்குட்டிகள் அங்கேதான் விழுவார்கள். முதலில் வாசித்து நிறுத்திய துண்டும் பாதுகாப்பாக இருக்கிறது. அறிமுகப் பகுதி முடிந்து, இருவரும் ‘செரோகி’யின் மெட்டை எடுக்கிறார்கள். சில விநாடிகளில் கைத்தட்டு, விசில், நிறுத்து நிறுத்து என்ற சத்தம். அடுத்து எடுத்த பதிவில் மெட்டே இல்லை. அறிமுகம் முடிந்ததும் பார்க்கர் நேராகத் தன் கற்பனைக்குள் குதித்துவிடுகிறார். உரிமைத் தொகை தவிர்க்க நிறுத்தினார்கள் என்பார்கள். நேரக் கணக்கும் இருக்கிறது. அந்த வேகத்தில் 64 பார் மெட்டு ஐம்பது விநாடியை விழுங்கும். தட்டின் ஒரு பக்கம் கொள்வதே மூன்று நிமிடம். எந்தக் காரணமானாலும் விளைவு ஒன்றுதான். பட்டா உள்ளதை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

புறம்போக்கில் விளைந்ததன் பலன் பார்க்கருக்கு வந்ததா? நாலு மாதம் கழித்து, 1946 மார்ச்சில், ஹாலிவுட்டில் டயல் கம்பெனிக்காக அவர் பதிவுசெய்த ‘மூஸ் த மூச்’ ரிதம் சேஞ்சஸ் மேல் எழுந்த மெட்டுகளில் என் மதிப்பில் முதல் வரிசை. முக்கியமான பீட்டுகளையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டே போகும் மெட்டு. அந்தப் பெயர் அவருக்குப் போதை மருந்து விற்றவரின் பட்டப்பெயர். டயலிலிருந்து தனக்கு வரவேண்டிய ராயல்டியில் பாதியை அந்த ஆளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் பார்க்கர்.

அதன் பிறகு வந்தவற்றைக் கணக்கெடுப்பது வீண். மங்கின் ‘ரிதம்-அ-னிங்’, 1954ல் சோனி ராலின்ஸ் கொடுத்து மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘ஓலியோ’. 1962லிருந்து ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ கார்ட்டூனின் தொடக்கப் பாட்டாக வந்ததும் ரிதம் சேஞ்சஸ் குடும்பம்தான். ஜாஸ் பக்கமே போகாதவர்களும் அந்தக் கார்டுகளை டிவி முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

டர்ன்அரவுண்டை இன்னும் ஒரு திருப்பு திருப்பியவர் டாட் டேமரன். ‘லேடி பேர்ட்’ என்ற அவருடைய பாட்டு வெறும் 16 பார். கடைசி இரண்டு பாரில் ச, சாதாரண க, சுத்த த, சுத்த ரி என்று நான்கு கார்டுகள். வரிசை தெரிந்ததுதான். ஆனால் அந்த நான்கிலும், தள்ளுகிற வகைக் கார்டு வர வேண்டிய இடங்களில்கூட, நிம்மதியாக அமர்ந்திருக்கிற மேஜர் செவன்த் வகையைப் போட்டார். யாரும் யாரையும் தள்ளவில்லை, ஆனாலும் நகர்கிறது. ஒவ்வொரு கார்டும் ஒரு கணம் தன்னையே வீடு என்று சொல்லிக்கொண்டு போகிறது. இன்றைக்கும் அதற்கு டேமரன் டர்ன்அரவுண்ட் என்றே பெயர். அவர் அதை 1948ல் தன் குழுவோடு பதிவுசெய்வதற்குள், மைல்ஸ் டேவிஸ் 1947லேயே அந்தக் கார்டுகளின் மேல் ‘ஹாஃப் நெல்சன்’ என்று வேறொரு மெட்டைப் போட்டு இசைத்தட்டாக்கிவிட்டார். கெர்ஷ்வின் வீட்டில் எடுத்துப் பழகிய கை, பக்கத்தில் வாசிக்கும் நண்பர் வீட்டிலும் எடுத்தது.

அதே மைல்ஸுக்குத்தான் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இந்த ஓட்டம் அலுத்துப்போனது. 1959 மார்ச் 2ம் தேதி பதிவான ‘ஸோ வாட்’டின் வடிவத்தைப் பாருங்கள்: 32 பார். எட்டு, எட்டு, பிரிட்ஜ் எட்டு, எட்டு. ‘ஐ காட் ரிதம்’ வீட்டின் அதே நான்கு அறைகள். உள்ளே சாமான் எதுவும் இல்லை. பதினாறு பாருக்கு ஒரே இடம், பிரிட்ஜில் அரைப்படி மேலே, பிறகு பழைய இடம். டர்ன்அரவுண்ட் கிடையாது, கடைசி இரண்டு பாரும் சும்மா நிற்கின்றன. அதில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். இரண்டு மாதம் கழித்து, மே முதல் வாரத்தில், கோல்ட்ரேன் தன் சொந்தக் குழுவோடு அட்லாண்டிக் கம்பெனியின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து 16 பாரில் 26 கார்டுகள் கொண்ட ஒன்றை மேசையில் வைத்தார். ஸ்ருதி மூன்று இடங்களுக்கு மாறி மாறித் தாவும். பியானோவில் டாமி ஃப்ளானகன், அந்தக் காலத்தின் மிகச் சுத்தமான கைகளில் ஒருவர். அவருடைய தனி நடுவில் கார்டுகள் கைநழுவிப் போவது ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இசைத்தட்டிலேயே கேட்கும். அது அடுத்த இதழில்.